செவ்வியல் கேம்களின் வாரிசுகள்: எதை எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டார்கள்

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதிகம் பேசப்பட்ட வீடியோ கேம்களைப் பட்டியல் போட்டால் ஒன்று கண்ணில் படும். அவற்றில் பல, முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஏதோ ஒரு கேமைத் தம் முன்னோடி என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொள்கின்றன. 'ஸ்டார்டியூ வேலி'க்குப் பின்னால் 1996இல் வந்த 'ஹார்வெஸ்ட் மூன்' இருக்கிறது. 'எர்த்பவுண்ட்' இல்லாமல் 'அண்டர்டேல்' பிறந்திருக்காது. 'ஹாலோ நைட்' நடப்பது 'மெட்ராய்ட்' திறந்துவிட்ட வழியில். 'சிக்னாலிஸ்' நடப்பது 'ரெசிடென்ட் ஈவில்' போட்ட பாதையில். பெரும் பணம் கொட்டி நிஜத்தைப் போன்ற காட்சிகளை உருவாக்க முடிகிற காலத்தில் இவ்வளவு பேர் ஏன் பழையதைத் தேடிப் போகிறார்கள்? போனவர்களில் சிலர் வென்றார்கள், சிலர் தோற்றார்கள். அந்த வேறுபாடு எதில் இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு ஜப்பானிலும் அமெரிக்காவிலும் எழுதுபவர்கள் பெரும்பாலும் தம் பிள்ளைப் பிராய நினைவிலிருந்து பதில் சொல்கிறார்கள். நம் நிலைமை வேறு. 90களில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்தது நின்டெண்டோவின் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த 'டிவி கேம்' பெட்டி. ஒரே கேசட்டில் மாரியோவும் கான்ட்ராவும் இருக்கும். கம்ப்யூட்டர் சென்டர்களில் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா', 'டூம்' ஓடின. சூப்பர் ஃபேமிகாமின் 'க்ரோனோ ட்ரிகர்', 'எர்த்பவுண்ட்' போன்றவை நம்மில் பெரும்பாலோர் கண்ணில் படவே இல்லை. எனவே நமக்குப் பேரனோடுதான் முதல் பழக்கம். தாத்தாவைப் பிறகுதான் பார்க்கிறோம். இதில் ஒரு வசதி உண்டு. நினைவேக்கம் என்ற போர்வை இல்லாததால், கேம் தன் சொந்தக் காலில் நிற்கிறதா என்பது உடனே தெரிந்துவிடுகிறது.

இவ்வகைக் கேம்களில் பலவற்றை அண்மையில் ஒன்றன்பின் ஒன்றாக முடித்தபோது எனக்கு உறுதிப்பட்ட முடிவு இது. பழைய கேம்களின் வடிவத்தைத் தீர்மானித்தவற்றில் முக்கியமானவை அன்றைய கட்டுப்பாடுகள். இன்று அந்தக் கட்டுப்பாடுகள் இல்லை. அவை அன்று ஆடுபவருக்குள் எதை விளைவித்தன என்று கண்டுபிடித்து, அந்த விளைவை இன்றைய வழியில் மீட்டவர்கள் வென்றார்கள். கட்டுப்பாட்டின் தழும்புகளை மட்டும் நகல் எடுத்தவர்கள் தோற்றார்கள்.

கட்டுப்பாடு வகுத்த வடிவம்

1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிடப் பல மடங்கு பெரிது. இடம் போதாததால், வானத்தில் மிதக்கும் மேகமும் தரையில் நிற்கும் புதரும் ஒரே படம்தான். நிறம் மட்டும் வேறு. மாரியோவுக்குத் தொப்பி வந்ததும் மீசை வந்ததும்கூட, 'டாங்கி காங்' காலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய புள்ளிகளில் தலைமுடியையும் வாயையும் வரைவது கடினமாக இருந்ததால்தான். ஃபேமிகாமின் திரை 256 புள்ளி அகலம், 240 புள்ளி உயரம். ஒரு கிடைக்கோட்டில் எட்டு நகரும் உருவங்களுக்கு மேல் காட்ட முடியாது. ஒன்பதாவது வந்தால் உருவங்கள் மினுங்கத் தொடங்கும்.

கட்டுப்பாடு காட்சியோடு நிற்கவில்லை. விதிகளையும் அதுவே வகுத்தது. 'மூன்று உயிர்' என்ற வழக்கம் காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களிலிருந்து வந்தது. உயிர் தீர்ந்தால் இன்னொரு காசு. கேம் வீட்டுக்கு வந்தபின் காசு போனது, உயிர்க் கணக்கு மட்டும் தங்கிவிட்டது. சில லெவல்களை மட்டுமே கொள்ளும் கேசட்டைப் பல வாரம் ஆடவைக்க அது உதவியது. திரும்பத் திரும்பச் சாகிறவர் ஒவ்வொரு பள்ளத்தையும் மனப்பாடம் செய்தார். அந்த மனப்பாடத்திலிருந்து பிறந்த தேர்ச்சிதான் அன்றைய கேம்களின் உண்மையான இன்பம்.

உயிர்க் கணக்கு: ஷவல் நைட்

2013இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் மக்களிடம் பணம் திரட்டி, 2014இல் யாட் கிளப் கேம்ஸ் வெளியிட்ட 'ஷவல் நைட்' இந்தக் கணக்கை நன்றாகப் புரிந்துகொண்ட கேம். மண்வெட்டியைக் கீழ்நோக்கிப் பிடித்து எதிரியின் தலையில் குதிக்கும் அசைவு, 1989இல் கேப்காம் செய்த 'டக்டேல்ஸ்' கேமில் ஸ்க்ரூஜ் தன் கைத்தடியால் குதித்ததன் தொடர்ச்சி. லெவல்களின் கட்டமைப்பில் 'மெகா மேன்' தெரிகிறது. 'மெகா மேன்' முதல் கேமுக்கு இசையமைத்த மனாமி மாட்சுமே இதற்கும் இரண்டு பாடல்கள் தந்திருக்கிறார்.

தோற்றத்தில் 8-பிட் காலத்தை அப்படியே கொண்டுவந்ததுபோல் இருந்தாலும், உருவாக்கியவர்கள் பல இடங்களில் வேண்டுமென்றே விதியை மீறினார்கள். திரையை 400 புள்ளி அகலத்துக்கு விரித்தார்கள். உருவங்கள் மினுங்குவதை விட்டார்கள். நிறப்பட்டியலில் இல்லாத சில நிறங்களைச் சேர்த்தார்கள். மிக முக்கியமாக, உயிர்க் கணக்கையே எடுத்துவிட்டார்கள். செத்தால் நீங்கள் சேர்த்த பணத்தில் ஒரு பகுதி பைகளாகப் பறந்து அந்த இடத்திலேயே நிற்கும். திரும்பப் போய் எடுத்துக்கொள்ளலாம். எடுக்கும் முன் இன்னொரு முறை செத்தால் அது போயே போயிற்று.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது இன்னொரு சிறு விதி. வழியில் வரும் சோதனைச் சாவடிகள் கண்ணாடி உருண்டைகள் போல ஒளிர்கின்றன. அவற்றை உடைத்தால் பணம் கிடைக்கும், ஆனால் செத்தபின் அங்கிருந்து தொடங்க முடியாது. தேர்ச்சி குறைந்தவர் உடைக்காமல் போகலாம். தன் கையின் மேல் நம்பிக்கை உள்ளவர் உடைத்துப் பார்க்கலாம். பழைய கேம் எல்லோர் மீதும் ஒரே கடுமையைத் திணித்தது. இங்கே எவ்வளவு கடுமை வேண்டும் என்று ஆடுபவர் ஒவ்வொரு சாவடியிலும் தானே முடிவு செய்கிறார். பள்ளத்தின் முன் நெஞ்சு படபடக்கும் அந்த உணர்வு அப்படியே இருக்கிறது. அதை உண்டாக்கும் வழி புதிது.

கையேடும் வரைபடமும்: டனிக், ஹாலோ நைட்

பழைய கேம்களின் இன்னொரு பற்றாக்குறை, விளக்கம் சொல்ல இடமில்லாதது. கதையும் விதியும் பெட்டிக்குள் இருந்த காகிதக் கையேட்டுக்குப் போயின. 1986இல் வந்த 'த லெஜண்ட் ஆஃப் செல்டா'வின் உலகத்தில் எந்தச் சுவரை வெடிவைத்துத் திறக்கலாம், எந்தப் புதரை எரிக்கலாம் என்று திரை சொல்லாது. கையேட்டைப் புரட்டியும், நண்பர்களைக் கேட்டும், தாளில் வரைந்தும் கண்டுபிடிக்க வேண்டும்.

கனடாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஷோல்டைஸ் உருவாக்கி 2022இல் வெளியிட்ட 'டனிக்', இந்தக் கையேட்டையே கேமின் மையமாக்கியது. ஒரு சிறு நரி கடற்கரையில் கண்விழிக்கிறது. எந்தப் பட்டன் எதற்கு என்றுகூட யாரும் சொல்வதில்லை. நடக்க நடக்க, கையேட்டின் கிழிந்த பக்கங்கள் ஒவ்வொன்றாகக் கிடைக்கின்றன. பக்கங்களின் பெரும்பகுதி ஷோல்டைஸ் உருவாக்கிய புரியாத எழுத்தில் இருக்கிறது. நடுவே சில சொற்கள், சில படங்கள், ஓரத்தில் யாரோ பேனாவால் கிறுக்கிய குறிப்புகள். ஒரு பக்கத்தைப் பார்த்து, ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் நரி மண்டியிட்டு வணங்கும் என்று தெரியவரும்போது, பல மணி நேரமாகக் கடந்துபோன கம்பங்களும் கதவுகளும் புது அர்த்தம் பெறுகின்றன. அந்தத் திறன் முதல் நிமிடத்திலிருந்தே கையில் இருந்தது. கிடைக்காமல் இருந்தது அறிவு மட்டும்தான்.

வேற்று மொழிக் கையேட்டைப் படிக்கத் தெரியாமல் படங்களை வைத்துப் பொருள் ஊகித்த பிள்ளையின் நிலை இது. ஆங்கிலம் சரளமாக வராத வயதில் டிவி கேமின் திரையில் வந்த வரிகளை வடிவங்களாக மட்டும் பார்த்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு 'டனிக்' அந்நியமாகவே இருக்காது. 'செல்டா'வைத் தொடாதவரும் இதன் உலகத்தில் முழுதாக நுழைய முடிகிறது.

வரைபடத்துக்கும் இதே கதைதான். 1986இன் 'மெட்ராய்ட்' வரைபடமே தரவில்லை. வழி தவறுவதும், தவறித் தவறி அந்த இடத்தை மனத்துக்குள் கட்டிக்கொள்வதும் அதன் அனுபவம். ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி 2017இல் வெளியிட்ட 'ஹாலோ நைட்' ஒரு நடுவழி கண்டது. புதுப் பகுதிக்குள் நுழையும்போது வரைபடம் இருக்காது. எங்கோ முனகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கார்னிஃபர் என்ற வரைபடக்காரனைத் தேடிப் பிடித்து விலைக்கு வாங்க வேண்டும். அவன் தருவதும் அரைகுறை. நாம் பார்த்த இடங்கள் அதில் சேர, ஒரு பெஞ்சில் போய் உட்கார வேண்டும். நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரிய ஒரு திசைகாட்டித் தாயத்தையும் அணிய வேண்டும். தொலைந்துபோகும் பயம் இருக்கிறது. தாளும் பென்சிலும் தேவைப்படவில்லை. 2024இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: த லாஸ்ட் க்ரௌன்' பென்சிலின் வேலையை வேறு விதமாகச் செய்தது. எட்ட முடியாத கதவையோ புதிரையோ அங்கேயே படம் பிடித்து வரைபடத்தில் குத்திவைக்கலாம். எளிய யோசனைதான். ஆனால், முன்பு ஆடியவர்கள் நோட்டில் என்ன குறித்துவைத்தார்கள் என்று சிந்தித்த ஒருவருக்கே அது தோன்றியிருக்கும்.

பையில் ஆறு இடம்: சிக்னாலிஸ்

1996இன் 'ரெசிடென்ட் ஈவில்' கேமில் கதவு மெல்லத் திறக்கும் காட்சி, அடுத்த அறையை சிடியிலிருந்து ஏற்றும் நேரத்தை மறைக்க வைத்தது. அசையாத கேமரா கோணங்கள், முன்பே வரைந்துவைத்த பின்னணிகளைக் காட்டுவதற்காக. கிறிஸ்ஸின் பையில் ஆறு பொருளுக்குத்தான் இடம், ஜில்லின் பையில் எட்டு. சேவ் செய்யக்கூட மை நாடா வேண்டும். இவை எல்லாம் சேர்ந்து, 'அடுத்த கதவுக்குப் பின்னால் போவதா, திரும்புவதா' என்ற ஓயாத தவிப்பை உண்டாக்கின.

ரோஸ்-எஞ்சின் என்ற பெயரில் இயங்கும் இருவர் ஜெர்மனியில் உருவாக்கி 2022இல் வெளியிட்ட 'சிக்னாலிஸ்' இவற்றில் எதை வைப்பது, எதை விடுவது என்று மிகத் தெளிவாக முடிவு செய்திருக்கிறது. கதவுக் காட்சியும் மை நாடாவும் போயின. பாதுகாப்பான அறைக்கு வந்தால் சேவ் செய்துகொள்ளலாம். ஆறு இடம் மட்டும் இருக்கிறது. துப்பாக்கிக்கு ஒன்று, தோட்டாவுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று என்று வைத்தால், வழியில் கிடைக்கும் சாவிகளுக்கு இடமில்லை. கூடவே, வீழ்த்திய எதிரி சில நேரம் மீண்டும் எழுந்துவிடுகிறது. நிரந்தரமாக முடிக்க அதன் உடலை எரிக்க வேண்டும், எரிக்கும் பொருளோ மிகக் குறைவு. எனவே ஒவ்வொரு நடைபாதையும் ஒரு கணக்கு: சுடுவதா, எரிப்பதா, ஓடிக் கடப்பதா?

இந்த நெருக்கடி கதையோடு இணைந்திருப்பதுதான் இதன் சிறப்பு. நாயகி எல்ஸ்டர் மனித உருவில் வார்க்கப்பட்ட ஓர் உழைப்பாளிப் பிரதி. கண்காணிப்பு நிறைந்த ஓர் அரசின் சுரங்கத்துக்குள், தான் வாக்குக் கொடுத்த ஒருத்தியைத் தேடிச் செல்கிறாள். எதையும் மிகுதியாக வைத்திருக்க அனுமதி இல்லாத ஓர் உலகத்தில், பையின் ஆறு இடம் வெறும் விதியாக நிற்கவில்லை. அந்த உலகத்தின் இயல்பாகவே ஆகிவிடுகிறது. சாவிக்காக மீண்டும் மீண்டும் அறைக்கு ஓடுவது சில இடங்களில் சலிப்பூட்டுகிறது என்பது உண்மை. ஆனாலும் பழைய விதி ஒன்றுக்கு, முன்னோடியே தராத பொருளை வாரிசு தந்த அரிய இடம் இது.

முறை வைத்துச் சண்டை

ஆர்பிஜி வகையில் 'நீ ஒரு முறை, நான் ஒரு முறை' என்று மாறி மாறி அடிக்கும் சண்டை, பழைய கன்சோல்களின் திறனுக்கு ஏற்ற வடிவம். காலப்போக்கில் பெரிய நிறுவனங்கள் அதைக் கைவிடத் தொடங்கின. அந்த வகையை வளர்த்த தொடரின் 'ஃபைனல் ஃபேண்டஸி 16' கூட 2023இல் முழு ஆக்‌ஷன் கேமாகத்தான் வந்தது. அதே ஆண்டில் கியூபெக்கின் சபோட்டாஜ் ஸ்டூடியோ 'சீ ஆஃப் ஸ்டார்ஸ்' கேமை வெளியிட்டது. 1995இன் 'க்ரோனோ ட்ரிகர்'தான் அதன் ஆதாரம். 'க்ரோனோ ட்ரிகர்' இசையமைப்பாளர் யாசுனோரி மிட்சுடாவும் இதில் பங்களித்திருக்கிறார். எதிரிகள் கண்ணெதிரே நிற்கிறார்கள், திடீரென்று எங்கிருந்தோ பாய்வதில்லை. அடி விழும் கணத்தில் பட்டனைத் தட்டினால் அடி கூடும், தாங்கும்போது தட்டினால் வலி குறையும். இது 1996இன் 'சூப்பர் மாரியோ ஆர்பிஜி' தந்த உத்தி. கண்ணுக்கும் காதுக்கும் இது விருந்து. ஆனால் உரையாடல்கள் தட்டையாக இருக்கின்றன. பாத்திரங்களின் துயரம் நம்மைத் தொடுவதற்குள் கதை நகர்ந்துவிடுகிறது. 'க்ரோனோ ட்ரிகர்' மேல் ஏற்கெனவே காதல் உள்ளவர் அந்த இடைவெளியைத் தன் நினைவால் நிரப்பிக்கொள்வார். அந்த நினைவு இல்லாதவருக்கு இடைவெளி இடைவெளியாகவே தெரிகிறது.

பிரான்ஸின் மோன்பெலியே நகரத்தில் இயங்கும் சாண்ட்ஃபால் 2025 ஏப்ரலில் வெளியிட்ட 'க்ளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33' இதே உத்தியை எடுத்து இன்னும் ஆழமாகத் தோண்டியது. இங்கே எதிரியின் முறையிலும் நமக்கு ஓய்வில்லை. ஒவ்வொரு வீச்சையும் பார்த்து விலகலாம், அல்லது சரியான நொடியில் தட்டித் திருப்பி அடிக்கலாம். யோசிக்க நேரம் தரும் பழைய முறைச் சண்டையும், கண்ணும் கையும் ஒன்றாக இயங்கும் புதிய ஆட்டமும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அந்த ஆண்டின் கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த கேம் என்ற விருது இதற்குத்தான் கிடைத்தது. முறைச் சண்டை காலாவதியான வடிவம் என்று சொல்லி வந்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது.

பண்ணையில் ஒரு நாள்: ஸ்டார்டியூ வேலி

எரிக் பரோன் நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகத் தனி ஆளாக உழைத்து 2016இல் வெளியிட்டது 'ஸ்டார்டியூ வேலி'. வரைந்தது, இசையமைத்தது, எழுதியது, நிரல் எழுதியது எல்லாம் அவரே. தான் நேசித்த 'ஹார்வெஸ்ட் மூன்' தொடரின் பிந்தைய கேம்கள் தரம் குறைந்துவிட்டன என்ற குறை அவரை இதில் இறக்கியது. 2024 டிசம்பர் வரை 4 கோடிக்கு மேல் பிரதிகள் விற்றன.

முதல் 'ஹார்வெஸ்ட் மூன்' இரண்டரை ஆண்டில் முடிந்துவிடும். பெற்றோர் வந்து மதிப்பிடுவார்கள். ஆடுபவர் ஆண் மட்டுமே. பரோன் அந்த முடிவை அகற்றினார். தாத்தாவின் ஆவி மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் வந்து மதிப்பிட்டாலும் பண்ணை தொடர்கிறது. ஆணாகவோ பெண்ணாகவோ ஆடலாம், ஊரில் பன்னிரண்டு பேரில் யாரையும் மணக்கலாம். ஆனால் ஒன்றை மட்டும் அவர் தளர்த்தவில்லை: நாளின் நீளத்தை. கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. காலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி முடிப்பதற்குள் தெம்பில் ஒரு பகுதி போய்விடும். மீதிப் பொழுதில் சுரங்கத்துக்குப் போவதா, ஆற்றங்கரையில் தூண்டில் போடுவதா, பிறந்தநாள் கொண்டாடும் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பரிசு கொண்டுபோவதா? எல்லாவற்றுக்கும் நேரம் இல்லாததால்தான் ஒவ்வொரு தேர்வும் மதிப்புப் பெறுகிறது. எந்தக் கட்டுப்பாடு அந்த வகையின் உயிர்நாடி என்று பரோனுக்குத் தெரிந்திருந்தது.

தவறியவை

தோல்விகளும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன. 'மெகா மேன்' தொடரோடு நீண்டகாலம் இணைத்துப் பேசப்பட்ட கெய்ஜி இனாஃபுனே, 2013இல் 'மைட்டி நம்பர் 9' கேமுக்காக மக்களிடம் 38 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். பலமுறை தள்ளிப்போய் 2016இல் வந்தபோது, 'மெகா மேன்' சாயல் கொண்ட ஒரு நாயகன் இருந்தான், எட்டு எதிரித் தலைவர்கள் இருந்தார்கள். மூலத்தின் கூர்மை இல்லை. ஒரு புள்ளி பிசகாமல் குதிக்கவைத்த அந்த லெவல் வடிவமைப்பின் துல்லியம் வரவே இல்லை.

2017இன் 'யூகா-லேலீ' வேறு வகையான தவறு. 'பேஞ்சோ-கஸூயி' கேமை 1998இல் உருவாக்கிய ரேர் நிறுவனத்தில் இருந்த பலர் சேர்ந்து, 20 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிச் செய்தார்கள். மூலத்தின் சிறிய, செறிவான உலகங்கள் இங்கே பரந்து விரிந்தன. அந்தப் பரப்பில் நெடுந்தூரம் வெறுமை. 90களின் கேமராத் தொல்லைகள் மட்டும் கூடவே வந்தன. அன்றைய இயந்திரத்தின் குறுகிய நினைவகம் அந்த உலகங்களைச் சிறியதாக்கியிருந்தது. அந்தச் சிறுமைதான் அவற்றின் அழகு என்பது கைநழுவிப்போனது.

புள்ளிப் படங்களை வெறும் அலங்காரமாகப் பயன்படுத்தும் கேம்களையும் இங்கேதான் வைக்க வேண்டும். 1991இன் 'சோனிக்' கேமில் அருவி செங்குத்துக் கோடுகளாக வரையப்பட்டிருக்கும். அன்றைய டிவியின் மங்கலான சிக்னலில் அந்தக் கோடுகள் கலந்து, அருவி கண்ணாடி போல் தெரியும். இன்றைய எல்இடி திரையில் அதே கோடுகள் கம்பி வேலியாகத் தெரிகின்றன. அன்றைய ஓவியர் டிவியின் குறையையும் தன் தூரிகையாக்கினார். அந்தச் சிந்தனை இல்லாமல் புள்ளிகளை மட்டும் பெரிதாக்கினால் வருவது முரட்டுப் படம்தான்.

நடக்காத வரலாறு: யுஎஃப்ஓ 50

இந்த வரிசையில் மிகத் துணிச்சலானது, டெரெக் யூவும் நண்பர்களும் 2024 செப்டம்பரில் வெளியிட்ட 'யுஎஃப்ஓ 50'. 1982 முதல் 1989 வரை யுஎஃப்ஓ சாஃப்ட் என்ற கற்பனை நிறுவனம், ஒரு கற்பனைக் கன்சோலுக்காக வெளியிட்டதாக ஐம்பது முழுக் கேம்கள். எல்லாவற்றுக்கும் ஒரே 32 நிறங்கள். எந்த ஒரு பழைய கேமின் நகலும் அல்ல. அந்தக் காலத்தின் கருவிகளோடு இன்றைய யோசனைகள் சேர்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற பெரும் பரிசோதனை.

'மோர்டால்' கேமை மட்டும் எடுத்துக்கொள்வோம். பள்ளத்தைக் கடக்க வழி இல்லையா? உங்கள் வீரனைக் கல்லாக்குங்கள். அடுத்தவன் அவன் மேல் ஏறிப் போவான். சுவர் தடுக்கிறதா? அவனை வெடிக்கவிடுங்கள். அம்பாகப் பாய்ந்து சுவரில் குத்தி நிற்கவும் முடியும். ஆர்கேட் காசில் பிறந்த உயிர்க் கணக்கு இங்கே தண்டனையாக இல்லை. கட்டுமானப் பொருளாக இருக்கிறது. 'பார்ட்டி ஹவுஸ்' கேமில் விருந்துக்கு யாரை அழைப்பது என்று பட்டியல் சேர்க்கிறோம். தொல்லை தருபவர்கள் மூன்று பேர் ஒரே இரவில் வந்துவிட்டால் போலீஸ் வந்து விருந்தைக் கலைத்துவிடும். 2008இல் 'டொமினியன்' என்ற சீட்டாட்டம் பரப்பிய யோசனை, 80களின் சட்டைக்குள். ஐம்பதும் ஒரே தரம் அல்ல. சிலவற்றின் கடுமை அன்றைய பொறுமையைக் கேட்கிறது. ஆனாலும் பழைய கேம்களைப் பற்றி இதுவரை செய்யப்பட்ட மிக ஆழமான விமர்சனம் என்று இதையே சொல்வேன். விமர்சனத்தைக் கட்டுரையாக எழுதாமல் கேமாகவே எழுதிக் காட்டியிருக்கிறார்கள்.

மூலங்கள் எங்கே?

இவ்வளவுக்கும் பிறகு ஒரு கவலை மிச்சமிருக்கிறது. வாரிசுகள் செழிக்கும்போது மூலங்கள் மறைகின்றன. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு கண்டறிந்தது. பழைய நாவலை மறுபதிப்பு செய்வது போலக் கேமைச் செய்ய முடியவில்லை. உரிமைச் சிக்கல், செத்துப்போன கன்சோல்கள், மூடப்பட்ட இணையக் கடைகள் என்று தடைகள் ஏராளம். இந்த நிலை தொடர்ந்தால், அடுத்த தலைமுறைப் படைப்பாளிகள் மூலத்திலிருந்து கற்க முடியாமல், நகலின் நகலிலிருந்து கற்க நேரும். அப்போது தழும்புகள் மட்டுமே கைமாறும்.

எனவே இரண்டு பரிந்துரைகள். இந்த வகைக்குப் புதியவர்கள் 'ஷவல் நைட்'டிலோ 'டனிக்'கிலோ தொடங்கலாம்; முன்கூட்டி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. முடித்தபின் 'மெகா மேன்' அல்லது முதல் 'செல்டா'வைத் தேடிப்பிடித்து ஆடிப் பாருங்கள். முன்பு வெறும் கொடுமையாகத் தெரிந்திருக்கக்கூடிய விதிகளுக்குப் பின்னால் இருந்த காரணம் புரியும். இரண்டாவது, உரிமையாளர்களுக்கு: தம் பழைய கேம்களை விலைக்காவது எளிதில் கிடைக்கும்படி வைத்திருப்பது அவர்களின் கடமை. இன்று கோடிக்கணக்கானோர் ஆடும் கேம்களின் இலக்கணம் அந்தப் பழைய கேசட்டுகளில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கும் வாய்ப்பு, சிறுவயதில் அவற்றை வாங்க முடிந்தவர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கக்கூடாது.